பெயர் போட வேண்டியதில்லை

"வந்து சேரு, வந்து சேரு, மழை விடறதுக்குள்ள..."

கோவில்பத்துத் தெருவில் விளம்பர ஆட்டோ ஊர்ந்து வந்தது. கீரை ஆய்ந்துகொண்டிருந்த சொர்ணாம்பாளுக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. குரல் அவள் மகள் வெண்மதியுடையது. அறைச் சுவரில் மெத்தையைச் சாத்தி வைத்து, சம்பளத்தில் வாங்கிய மைக்கில், தானே எழுதித் தானே பாடிப் பதிவு செய்த பாட்டு. அது முடிவதற்குள் ஓர் ஆண்குரல் குறுக்கே விழுந்தது.

"சுரக்குடியில் வீட்டு மனைகள்! வந்து சேருங்கள், அன்பழகன் நகருக்கு!"

"திருட்டுப்பய" என்று எழுந்தவள், கீரையைப் போட்டது போட்டபடி செருப்பை மாட்டிக்கொண்டாள்.

சுரக்குடிக்குப் போகும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் உட்காரவில்லை. வருவாய்த் துறையில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவள் அவள். ஓய்வு பெற்றபின், எந்தப் படிவத்தை எப்படி நிரப்புவது, காரைக்காலில் ஒன்று, நாலு மைல் தள்ளித் தமிழ்நாட்டில் வேறொன்று என்று வலைப்பூவில் எழுதப்போக, வாழ்நாள் சான்று பற்றிய ஒரே பதிவை இரண்டு லட்சம் பேர் படித்துவிட்டார்கள். வெண்மதி நாலு வருஷத்தில் இணையத்தில் பதினோரு பாட்டுப் போட்டாள். கேட்டவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். இது எந்த ஊர் நியாயம்? அந்த ஆத்திரத்தில்தான் போன மாதம் மகளுக்குத் தெரியாமல் இந்தப் பாட்டைத் தன் வலைப்பூவில் ஏற்றினாள். முப்பத்தொன்பது பேர் பதில் எழுதினார்கள், எல்லாம் ஒரே ரகம்: "பாட்டு அருமை அம்மா. குடும்ப ஓய்வூதியத்துக்கு எத்தனை போட்டோ ஒட்டணும்?"

கவுன்ட்டர் முன்னால் வரிசையில் நிற்கிறவன், உள்ளே இருப்பவள் மேல் ஆசைப்பட்டா நிற்கிறான்? அதைப் போய்ப் புகழ் என்று நினைத்தோமே என்று அவளுக்குத் தன் மேலேயே பற்றிக்கொண்டு வந்தது.

மனை விற்கும் ஆபீசில் அவளைக் கண்டதும் அன்பழகன் எழுந்து நின்று கும்பிட்டார்.

"வாங்க மேடம்! உங்க பிளாக்கைப் பாத்துத்தான் நான் பட்டாவே மாத்துனேன். டீ சொல்லவா?"

"டீயக் கொண்டுபோய் ஆத்துல ஊத்து. எம் பொண்ணு பாட்ட யாரைக் கேட்டு எடுத்தே?"

"உங்க அனுமதியோடதான் மேடம் எடுத்தேன்."

"எப்பய்யா குடுத்தேன்?"

அவர் போனைத் திருப்பிக் காட்டினார். பாட்டுக்குக் கீழே பொடி எழுத்தில் இருந்தது: 'இதை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம். என் பெயர் போட வேண்டியதில்லை.'

அவள் எழுதியதுதான். இலவசப் படிவத்தை ஆபீஸ் வாசலில் ஐம்பது ரூபாய்க்கு விற்கும் தரகர்கள் மேல் இருந்த எரிச்சலில், ஜெராக்ஸ் கடைக்காரர்கள் எடுத்துக் கொடுக்கட்டும் என்று எழுதிய வரி. எல்லாப் பதிவுக்கும் கீழே அது தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

"நான் என்ன மேடம் தப்புப் பண்ணேன்?" அன்பழகனின் குரலில் நிஜமாகவே வருத்தம் இருந்தது.

சொர்ணாம்பாள் படியிறங்கி நடந்தாள். கோபம் இருந்தது, திட்டுவதற்குத்தான் ஆள் இல்லை.

வீட்டில் வெண்மதி ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் நின்றிருந்தாள்.

"கடைத்தெருவுல வண்டிய நிறுத்திட்டுக் கேட்டேம்மா. என் குரல்ல மனை விக்கிறாங்க. அவங்களுக்கு எப்படிப் போச்சு?"

"நான்தான் போட்டேன்."

"எங்க?"

"என் பிளாக்ல. நாலு பேர் கேக்கட்டும்னுதான்டி. இருநூத்திப் பன்னெண்டு பேருக்காகவா இப்படி ராவும் பகலும்..."

"அந்த இருநூத்திப் பன்னெண்டு பேரும் என்னைத் தேடி வந்தவங்க! ஒன்னோட ரெண்டு லட்சம் பேரை நான் கேட்டனா?"

"ஒனக்கு நல்லதுன்னு..."

"எம் பாட்டுக்கு நீ எப்படிம்மா அனுமதி குடுப்பே? நீயா எழுதுனே?"

வேலையில் இருந்தபோது சொர்ணாம்பாள், உரிமையில்லாதவர் கையெழுத்துப் போட்ட பத்திரங்களை எத்தனை தடவை மேசை மேல் விசிறி எறிந்திருக்கிறாள்! அவளே போனை எடுத்தாள்.

"அன்பழகன், ஆட்டோவ நிறுத்துங்க. அந்த அனுமதி செல்லாது. அதைக் குடுக்க எனக்கு அதிகாரம் கெடையாது."

"எழுத்துல குடுங்க மேடம், நிறுத்திடறேன்."

"குடுக்கறேன். ஊரே படிக்கிற மாதிரி."

கணினி முன் உட்கார்ந்து தட்டினாள். வெண்மதி பின்னால் வந்து நின்றாள். 'என் மகளின் பாட்டை அவளைக் கேட்காமல்...'

"மகள்னு போடாதே."

"வேற என்னன்னு போடறது?"

"வெண்மதின்னு. பாட்ட எழுதி, இசையமைச்சுப் பாடுனவங்கன்னு."

"பெத்தவ நான், ஒன்ன 'வாங்க போங்க'ன்னு எழுதணுமா?"

"ஆமா."

சொர்ணாம்பாளுக்குக் காது வரை சுட்டது. விசைப்பலகையை உடைத்துவிடுவதுபோல் குத்திக் குத்தி, 'மகள்' என்பதை ஒவ்வோர் எழுத்தாக அழித்தாள். பிறகு கேட்டாள்:

"இசையமைப்பாளர் வெண்மதி அவர்கள். போதுமா?"

"போதும்" என்ற வெண்மதி அப்போதுதான் ஹெல்மெட்டைக் கழற்றினாள்.