இடுப்பில் வைத்த இரும்பு

கும்மிடிப்பூண்டியில் ரயில் ஏறியதும் செல்லியம்மாளுக்கு உட்கார இடம் கிடைத்துவிட்டது. புருஷன் செங்கல்வராயனின் இடுப்புப் புண் நாற்றத்தில் பக்கத்திலிருந்தவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள்.

"பாத்தியா, ராஜா மாதிரி போறோம்," என்றான் அவன்.

எழுபத்துமூன்றாம் வருஷம், கடலை ஒட்டிய உப்பேரியில் மீன் படாத மாதத்தில், தொழிற்பேட்டையில் இரும்புத் தகடு இறக்கப் போனான். தகடு சரிந்து இடுப்பு மூட்டு நொறுங்கியது. மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் அதை எடுத்துவிட்டு இரும்புக் குண்டு வைத்தார்கள். நடந்தான்; ஏரியில் இறங்கி வலையும் இழுத்தான். பிறகு தையல் போட்ட இடத்தில் சின்ன ஓட்டை விழுந்து சீழ் கசிந்தது.

குப்பத்தில் மீன்முள் குத்தினாலும், கயிறு அறுத்தாலும் ஏரித்தண்ணீர்தான் மருந்து, உப்பு ஆற்றிவிடும். செல்லியம்மாளும் தினம் ஒரு குடம் மொண்டு வந்து புண்ணில் ஊற்றினாள். ஓட்டை மூடும். ஆறிப்போச்சு என்பாள். மறுபடி திறக்கும். ஐப்பசி போய்ப் பங்குனி வந்துவிட்டது.

ரயில் இறங்கிப் போன மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்தார். "எலும்பு வரைக்கும் அழுகிடுச்சு. புண்ணுல என்ன ஊத்துனீங்க?"

அவள் வாய் திறக்குமுன் செங்கல்வராயன் முந்திக்கொண்டான். "நான்தான் சார் ஏரியில எறங்கிக்கினே இருந்தேன். இவ வாணாம்னுதான் சொன்னா."

"இரும்பை எடுத்தாதான் உயிர் தங்கும். வேற வைக்க முடியாது, அதுலயும் சீழ் பிடிக்கும். மூட்டு இருந்த இடம் காலியாவே இருக்கும். கோல் ஊனி நடக்கலாம்."

"தண்ணியில நின்னு வலை இழுப்பாரா சார்?"

டாக்டர் இல்லையென்று தலையாட்டினார்.

ஏரியில் முறைவைத்து வலைபோடும் உரிமைக்குப் பாடு என்று பேர். இடுப்பளவு தண்ணீரில் நின்று இழுக்கிறவனுக்குத்தான் அது.

இரும்பை எடுத்து, அழுகலைச் சுரண்டி, காலில் எடை கட்டித் தொங்கவிட்டார்கள். எடையை அவிழ்த்த அன்று கட்டிலைப் பிடித்து எழுந்தான். வலது கால் தரைக்கு எட்டவில்லை.

"ஒரு காலு படவுல, ஒரு காலு கரையில கீற மாதிரி கீது," என்றான். பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார்.

"நான் ஊத்துன தண்ணிதான்யா," என்றாள் அவள்.

"சும்மா கெட. ஊருக்குப் போய் எந்தம்பி மணவாளனாண்ட நம்ம ஏரிப் பாட்டக் குடுத்துரு. அவன் நிப்பான்."

சரியென்றாள். பழைய புடவையை மடித்து, தரைக்கு எட்டாத அவன் வலது காலுக்கு அடியில் வைத்தாள். இன்னும் ஒரு மடிப்பு வேண்டியிருந்தது.