வலப்பக்கத்து வெந்நீர்

அப்பா காலமாகி ஒரு வருடமாகியும் மகளுக்கு அந்த ஒரு விஷயம் மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. ஊரில் பாதி வீட்டுக்குக் குழாய் வேலை பார்த்தவர் அவர். ஒரு சொட்டு ஒழுகியதாகப் பேச்சில்லை. ஆனால் அந்த நாலு மாடிக் குடியிருப்பில், பதினாறு வீட்டிலும், வெந்நீர்க் குழாயை வலப்பக்கம் வைத்துத் தொலைத்திருந்தார். மற்ற எல்லா இடத்திலும் அது இடப்பக்கம். மனிதர் இடதுகைக்காரர். அடிக்கடி திறப்பது பச்சைத்தண்ணீர், அதுதானே கைக்கு வாட்டமாக இருக்க வேண்டும் என்று தன் ஒரு கையை வைத்துப் பதினாறு குடும்பத்துக்கும் முடிவு கட்டிவிட்டார்.

தினமும் யாராவது கையைச் சுட்டுக்கொண்டு அப்பாவைத் திட்டுவார்களே என்பதுதான் அவள் கவலை. அவளுக்கும் அதே தொழில்தான். கூலி வேண்டாம், எல்லாவற்றையும் மாற்றித் தருகிறேன் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்பானரும் கையுமாகப் போய் நின்றாள்.

முதல் வீட்டு அக்கா குளியலறை வாசலை மறித்துக்கொண்டார்.

"எதுக்கும்மா மாத்தணும்?"

"அப்பா தப்பா வெச்சுட்டாருக்கா. கை சுட்டிருக்குமே."

"சுட்டுச்சு. குடிவந்த முதல் வாரம் உங்கப்பாவை நான் திட்டாத திட்டு இல்ல." அக்கா சிரித்தார். "அப்புறம் பழகிடுச்சு. இப்ப வெளியூர் போனாத்தான் சுட்டுக்கறோம். என் பொண்ணு கல்யாணமாகிப் போன வீட்ல ஒரு மாசம் தாக்குப்பிடிச்சா. முடியல. ஆளைக் கூப்பிட்டு, எங்கம்மா வீட்டு மாதிரி மாத்துங்கன்னுட்டா. இப்ப மாப்பிள்ளை தினம் காலையில அலர்றாரு."

அப்பாவின் முகத்தைக்கூடப் பார்த்திராத ஒரு மாப்பிள்ளை, எங்கோ ஓர் ஊரில், அப்பா புண்ணியத்தில் அலறிக்கொண்டிருக்கிறார்! அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

"அவ குழந்தைக்கு மூணு வயசு. அது பக்கத்து வீட்டுக் குழாயைப் பார்த்து, தப்பா வெச்சிருக்காங்கன்னு நியாயம் கேக்குதாம்," என்றார் அக்கா. "நீ ஸ்பானரை வீணாக்காதே. பால்கனியில புதுசா ஒரு பேசின் வைக்கணும், வந்து பாரு. வெந்நீர் சரியான பக்கம் வரணும், ஆமா."

"சரியான பக்கம்னா எந்தப் பக்கம்க்கா?"

"இது என்ன கேள்வி? உங்கப்பா வெச்ச பக்கம்தான்."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்கவும் இல்லை. அன்று மத்தியானம், தொழிலுக்கு வந்த நாளிலிருந்து முதல்முறையாக, தெரிந்தே, வெந்நீர்க் குழாயை வலப்பக்கம் பொருத்தினாள்.