கடல் இடது கைப்பக்கம் இருக்கும்வரை

1

ஒரு விஷயத்தை அண்ணனிடம் நேரில் சொல்லத் தைரியம் வராததால் இந்தக் கதையை எழுத ஆரம்பித்தேன். கதை எப்படிப் பிறந்தது என்று கேட்டால் மழையையும் ஜன்னலையும் காட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. என் கதை சாப்பாட்டு மேசையில் விரித்திருந்த ஒரு சார்ட் பேப்பரில் பிறந்தது. அதில் அண்ணன் கடலோரச் சாலையில் இரண்டு நாள் பயணத்துக்குத் திட்டம் போட்டிருந்தார். அவர், அண்ணி, நான், மூன்று பேர்.

முதல் தொடக்கம்: 'கடல் அன்று நீலமாக' (வேண்டாம். நாங்கள் இன்னும் வீட்டைவிட்டே கிளம்பவில்லை.)

இரண்டாவது: 'அவளுக்கு அந்தப் பயணம் பிடிக்கவில்லை, ஏனென்றால்' (பொய். பெட்டியைக் கட்டிவைத்து மூன்று நாளாகிறது.)

2

அண்ணன் இருபத்தாறு வருடமாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். எதைச் செய்தாலும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுத்தான் செய்வார். ஏழு மணிக்குப் புறப்பாடு. ஒன்பதரைக்குக் கலங்கரை விளக்கம். பிறகு மீன்பிடித் துறைமுகம், ஆற்றுமுகப் பாலம். எங்கே டீ, எங்கே டயருக்குக் காற்று, அண்ணி எங்கே இறங்கி இடுப்பை நிமிர்த்த வேண்டும் என்பதுவரை எழுதியிருந்தார். தெற்கே போகிற வழி நிரம்பி வழிந்தது. திரும்பி வருகிற பக்கத்தில் ஒரு எழுத்து இல்லை.

"என்னண்ணா, போறதுக்கு மட்டும்தான் ப்ளானா? அங்கேயே குடித்தனம் பண்ணப் போறோமா?"

"வர்றதை அப்புறம் பாத்துக்கலாம். ட்ரெயின்லகூட வரலாம்."

"அப்ப கார்?"

"யாராவது எடுத்துட்டு வருவாங்க. எழுத்தாளரம்மாவுக்கு எல்லாம் இப்பவே தெரிஞ்சாகணுமா?"

தன் காரைக் கழுவுகிற ஆள் நாலடி நகர்த்தக்கூட சாவியைக் கொடுக்காத மனிதர் இவர். யாரோ எடுத்து வருவார்களாம்!

3

அந்தக் காலிக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தெற்கே போகும்போது கடல் இடது கைப்பக்கம். அந்தப் பக்கம் சந்து இல்லை, சைக்கிள் இல்லை, வாசலிலிருந்து ஓடிவரும் பிள்ளைகள் இல்லை. திரும்பும்போது எல்லாமே இடப்பக்கம் வந்துவிடும். காரின் இடப்பக்கக் கண்ணாடியை இந்த வருடத்திலேயே இரண்டு தடவை மாற்றியாகிவிட்டது. இரண்டு தடவையும் பழி கேட் தூணின் மேல் விழுந்தது.

பிறகு எழுதுகிறவர்கள் செய்யக் கூடாத ஒன்றைச் செய்தேன். கதாபாத்திரத்துக்குப் பரீட்சை வைத்தேன். டீயைச் சத்தமில்லாமல் அவருடைய இடப்பக்கம் வைத்துவிட்டு நின்றேன்.

"டீ போடறேன்னு போனியே, என்னாச்சு?" என்றார். டம்ளரில் ஆவி பறந்துகொண்டிருந்தது.

(இதற்காக இன்னும் வெட்கமாக இருக்கிறது. டம்ளரை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். 'இப்பதான் கொண்டுவர்றேன்' என்றேன்.)

4

இப்போது அண்ணி. கதையின் முதல் வரைவில் அண்ணி ஒன்றும் தெரியாத அப்பாவியாகத் துணி மடித்துக்கொண்டிருந்தார். எழுதுவதற்கு அதுதான் சுலபம். ஆனால் கடைவீதியில் அவர்கள் நடப்பது நினைவுக்கு வந்தது. அண்ணி எப்போதும் அண்ணனுக்கு இடப்பக்கம். அவர் எந்தப் பக்கம் திரும்பினாலும் இவர் சுற்றிவந்து அங்கேயே சேர்ந்துகொள்வார். 'அப்பாவி' என்ற சொல்லை அடித்துவிட்டு அடுக்களைக்குப் போனேன்.

"அண்ணி, உங்களுக்குத் தெரியுமா?"

எது என்று அவர் கேட்கவில்லை. "ஆறு மாசமா தெரியும். தனியா டாக்டர்கிட்ட போயிட்டு வந்திருக்காரு. சீட்டு சட்டைப் பையில இருந்துச்சு. இடது கண்ணுல இனிமே பார்வை வராதாம்."

"ஏன் கேக்கல?"

"கேட்டா அன்னிக்கே வண்டியத் தொட மாட்டாரு. வீட்ல சும்மா உக்காந்தா அந்த மனுஷன் என்ன ஆவாரு? கேக்கலாம்னு வாயத் திறப்பேன், சாப்பிட வாங்கன்னு சொல்லிட்டு வந்துடுவேன்." அடுப்பை அணைத்தார். "நீதான் எழுதறவளாச்சே. நீ சொல்லு."

எழுதுகிறவளுக்குப் பேச வரும் என்று யார் கிளப்பிவிட்டார்களோ.

5

கைவசம் இருக்கும் முடிவுகள்:

அ) யாரும் வாய் திறக்கவில்லை. அண்ணனே ஓட்டுகிறார். கடல் பக்கமிருந்து எதுவும் குறுக்கே வராது என்பது அவர் நம்பிக்கை. கடலில் விளையாடிவிட்டு ஈரக் காலோடு ஒரு குழந்தை ரோட்டைப் பார்த்து (இந்த வாக்கியத்தை நான் முடிக்க மாட்டேன்.)

ஆ) எனக்குத் திடீரென்று காய்ச்சல். பயணம் ரத்து. அடுத்த வாரம் அவர் வேறெங்காவது ஓட்டிக்கொண்டு போவார்.

இ) நான் ஓட்டுகிறேன். மூன்றாவது தடவையில் லைசென்ஸ் வாங்கியவள் நான். கற்றுக்கொடுத்தவர் அவர்தான், அதனால்தான் தன் காரை என்னிடம் தந்ததில்லை. பரவாயில்லை, ஸ்கூல் காரை எடுத்துக்கொள்ளலாம். அதில் அவர் உட்காருகிற இடது சீட்டுக்கும் ஒரு பிரேக் உண்டு. அங்கிருந்து பார்த்தால் நானும் ரோடும் அவருடைய நல்ல கண் பக்கம். தலையில் 'பயிற்சி வாகனம்' என்ற பலகையோடு உல்லாசப் பயணம் போகிற முதல் குடும்பம் நாங்களாக இருப்போம்.*

* எனக்குப் பிடித்த முடிவு இதுதான். ஆனால் இதை நான் முடிவு செய்ய முடியாது. இருபத்தாறு வருடம் ஓட்டியவரிடமிருந்து ஸ்டியரிங்கை ஒரு பத்தி எழுதி வாங்கிவிட முடியுமா?

6

இந்தக் காகிதங்களை அண்ணியிடம் கொடுத்து அண்ணனுக்கு வாசித்துக்காட்டச் சொல்லலாம் என்று நாலாவதாக ஒரு முடிவும் இருந்தது. அடித்துவிட்டேன். அண்ணி ஆறு மாதம் சுமந்தது போதும்.

மணி நாலு. நாளைக்குப் புறப்பாடு. அண்ணன் கூடத்தில் சார்ட்டை மடித்துக்கொண்டிருக்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. அவர் கோபித்துக்கொண்டால் தாங்கிக்கொள்வேன். சிரித்து மழுப்பினால் என்ன செய்வேன் என்று தெரியவில்லை.

வாசகரே, நீங்கள் கொஞ்சம் வெளியே இருங்கள். இவ்வளவு தூரம் கூட்டிவந்துவிட்டு வாசலில் நிறுத்துகிறாளே என்று என்னைத் திட்டுங்கள், நியாயம்தான். இந்தப் பக்கங்கள் உங்கள் கைக்கு வந்திருந்தால், அவர் கடைசிவரை கேட்டார், அச்சுக்குக் கொடுக்கச் சரி என்றார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் காரின் எந்தப் பக்கக் கதவைத் திறந்தார் என்பதை எழுத மாட்டேன். அது அவருடைய கண், அவருடைய முடிவு.

எழுந்துவிட்டேன். நாற்காலியை இழுக்கிறேன்.

"அண்ணா, ஒண்ணு எழுதியிருக்கேன். உங்களுக்கு வலது பக்கமா உக்காந்து வாசிக்கவா?"