வலது தொட்டிக்கும் ஒரு சிட்டிகை

1

வாசகரே, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாக வந்திருக்கவே கூடாது. என் மனைவி என்னிடம் கேட்டது நான்கு வரி மன்னிப்புக் கடிதம். "எழுத்தாளர்தானே, எழுதிக் குடுங்க" என்றாள். கேட்டது போன திங்கட்கிழமை. இன்று அடுத்த திங்கள், காலை எட்டு மணி. கடிதம் வரவில்லை; கதை வந்து உட்கார்ந்துகொண்டது. (மளிகைப் பட்டியல் எழுதச் சொன்னாலும் முன்னுரையோடு ஆரம்பிக்கிற ஆள் நான்.)

2

முதல் தொடக்கம்: 'நீலத் தண்ணீருக்குள் காலம் மெல்ல நீந்திக்கொண்டிருந்த' — வேண்டாம். எனக்கே குமட்டுகிறது.

இரண்டாவது: அவள் மீன் காட்சியகத்தில் தீனி போடுகிறவள். சில மாதங்களாகத் தொட்டி மீன்களுக்கு வயிறு சரியில்லை. கழிவு வெள்ளை நூலாக இழுத்துக்கொண்டு வந்தது. அங்கே மீன் வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மா (இங்கே ஒரு வரி அடிக்கப்பட்டிருக்கிறது) புரோபயாட்டிக் பொடி வரவழைத்தார். குடலுக்கு நல்லது செய்யும் நுண்ணுயிர்கள் கொண்ட பொடி. தீனியோடு பிசைந்து போட வேண்டும். உண்மையில் கேட்கிறதா என்று பார்க்க ஆறு வாரச் சோதனை: இடது தொட்டிக்குப் பொடி கலந்த தீனி, வலது தொட்டிக்கு வெறும் தீனி.

வலது தொட்டியில்தான் பெரியப்பா இருந்தது.*

* மீன்தான். தொப்பையைப் பார்த்து அவள் வைத்த பெயர். என் சொந்தப் பெரியப்பா கோபித்துக்கொள்ள மாட்டார். என் கதை எதையும் அவர் படித்ததில்லை.

3

இரண்டாவது வாரம் பெரியப்பா தீனியை வாயில் வாங்கித் துப்பியது. மூலையில் ஒதுங்கியது. அவளுக்கு மனசு கேட்கவில்லை. ஒரே ஒரு தடவை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, வலது கிண்ணத்திலும் ஒரு சிட்டிகை பொடி போட்டுப் பிசைந்தாள். அந்த ஒரே ஒரு தடவை நான்கு வாரம் நீடித்தது.

(இந்த இடத்தில் அவளுக்கு ஒரு ஆழமான சிந்தனை கொடுத்திருந்தேன். "நான் அப்படியெல்லாம் யோசிக்கவே இல்லையே. அது சாப்பிட்டா போதும்னு இருந்துச்சு" என்றாள். அரைப்பக்கம் போயிற்று.)

இரண்டு தொட்டிகளுமே தேறின. டாக்டரம்மா ஒப்பிட்டுப் பார்த்தார். வித்தியாசமே இல்லை. ஆகவே மீன்கள் தானாகத் தேறிவிட்டன, பொடியால் பயனில்லை, இனி எந்தத் தொட்டிக்கும் வேண்டாம் என்று அறிக்கை தயாரானது. இன்று பத்து மணிக்குக் கையெழுத்து.

சோதனை முடிந்த அன்றே பொடியைப் பூட்டிவிட்டார்கள். நேற்று பெரியப்பா மறுபடி தீனியைத் துப்பியது.

"பாசத்துல போட்டேன். இப்ப எல்லா மீன் வாயில இருந்தும் நானே பிடுங்கிட்டேனே" என்று அழுதாள்.

4

முடிவு ஒன்று: அவள் உண்மையைச் சொல்கிறாள்; டாக்டரம்மா கட்டியணைத்துக்கொள்கிறார். (என் தரத்துக்கே இது கொஞ்சம் கீழே.)

முடிவு இரண்டு: அவள் சொல்லவில்லை. பெரியப்பா மெல்ல மெல்ல — இதை எழுதக் கை வரவில்லை.

முடிவு மூன்று: சொல்கிறாள், வேலை போகிறது. இனி என் எழுத்தை நம்பி இரண்டு பேர் சாப்பிட வேண்டும்.

5

எட்டரை. செருப்பை மாட்டிக்கொண்டே வந்து நின்றாள். "லெட்டர் எங்க?"

"கதையாயிடுச்சு."

காகிதங்களைப் பிடுங்கி நின்றபடியே படித்தாள். ஒரு இடத்தில் சிரித்தாள். (எந்த இடம் என்று கேட்கத் தைரியமில்லை.)

"நான் செஞ்சது எல்லாம் இருக்கு. இதையே டாக்டரம்மாகிட்ட குடுத்துடறேன்."

"ஐயோ, அவங்கள பத்தி ரெண்டாவது பகுதியில..."

"அடிச்சிடுங்க. பஸ் போயிடும்."

ஆகவே டாக்டரம்மா, வாசகர் என்று நான் யாரையோ நினைத்து எழுதினேன், நீங்களாகிவிட்டீர்கள். அடித்த வரியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காதீர்கள். முடிவு என்னிடம் இல்லை, உங்கள் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருக்கிறது. அவள் இரண்டு கிண்ணங்களோடு தொட்டி அருகே நிற்பாள். வலது கிண்ணத்தில் பொடி போடலாமா என்று இந்த முறை உங்களைக் கேட்டுவிட்டுத்தான் போடுவாளாம். பெரியப்பாவுக்குப் பசிக்கும். கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள்.