பெயர் இல்லாத மருந்து

விடியற்காலைப் பள்ளிவாசல் பாங்கு ஓய்வதற்குள் நாங்கள் சரிவில் ஏறிவிடுவோம். இரவெல்லாம் தேயிலையில் தேங்கிய பனி இடுப்புவரை நனைக்கும். இடுப்பில் சுற்றிய பிளாஸ்டிக் தாள் பேருக்குத்தான். கொஞ்ச நேரத்தில் உள்பாவாடையும் ஊறி, தொடையோடு ஒட்டிக்கொள்ளும். கைக்கத்தரியைத் திறந்து மூடித் திறந்து மூடிக் கொழுந்தை வெட்ட வேண்டும். கத்தரியோடு சேர்ந்த தட்டு நிறைந்ததும் முதுகில் தொங்கும் வலைச்சாக்கில் கொட்ட வேண்டும். சூரியன் மலைமேல் தலை காட்டும்போது தோள்பட்டை நம்முடையதா அடுத்தவளுடையதா என்று தெரியாத அளவுக்கு மரத்துப் போயிருக்கும். இந்த வருஷம் எடைக்குக் கொடுக்கும் கூலியையும் குறைத்துவிட்டார்கள். பூமியைக் காப்பாற்றும் செலவு கூடிவிட்டதாம்!

தோட்டத்து வாசலில் பச்சை எழுத்தில் ஒரு பலகை நிற்கிறது. இங்கே மண்ணுக்கும் மனிதருக்கும் தீங்கில்லாமல் தேயிலை விளைகிறது என்று அதில் எழுதியிருக்கிறது. அந்தப் பலகைக்காகவே கடல் கடந்த கம்பெனி எங்கள் இலையைக் கூடுதல் விலைக்கு வாங்குகிறது. பலகை வந்த புதிதில் களைக்கொல்லியை நிறுத்தினார்கள். கையால் களை பிடுங்கப் பெண்களை வைத்தார்கள். மேனேஜர் ஹெர்மவானுக்கு அந்தக் கூலி கண்ணை உறுத்தியது. களை பிடுங்கியவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, டவுனிலிருந்து ஒப்பந்த ஆட்களைக் கூட்டிவந்து இருட்டோடு இருட்டாக மருந்தடிக்க ஆரம்பித்தார். பலகை மட்டும் அப்படியே நின்றது.

முன்பெல்லாம் மருந்தடித்த சரிவில் மூங்கில் குச்சி நட்டு, சிவப்புத் துணி கட்டுவார்கள். எழுத்து தெரியாதவளுக்கும் அந்தத் துணி தெரியும். துணி பறந்தால் எவளும் அங்கே குனிய மாட்டாள். துணி இல்லையென்றால் தாராளமாகக் குனிவோம். எங்கள் சுந்தா ஜாதிக்கு, சோற்றுக்குப் பக்கத்தில் பச்சையாகக் கடித்துக்கொள்ளத் தழை இல்லாவிட்டால் தொண்டையில் இறங்காது. செடிகளுக்கு நடுவே தானாக முளைக்கும் வல்லாரைதான் எங்களுக்கு வாய்த்தது. வாழையிலையில் கட்டிய சோறு, கருவாடு, இடித்த மிளகாய், ஒரு கொத்து வல்லாரை. வேறென்ன வேண்டும்?

தோட்டத்தைச் சரிபார்க்க வருகிற கம்பெனி வெள்ளைக்காரர்கள் சிவப்புத் துணியைப் பார்த்துவிடுவார்களே! அதனால் துணிகளைக் கழற்றச் சொல்லிவிட்டார் ஹெர்மவான். மேஸ்திரி எங்கோஸ் குச்சிகளையெல்லாம் பிடுங்கிக் கட்டி எடுத்துப் போனதை நாங்கள் பார்த்தோம். இனி மருந்தே கிடையாது, அதனால் துணியும் வேண்டாம் என்றுதான் எங்களிடம் சொன்னார்கள். நம்பினோம்.

அன்று ஐந்தாம் சரிவில் கொழுந்து வெட்டினோம். மத்தியானம் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தபோது என் தங்கை லிலிஸ் வழக்கம்போல் குனிந்து ஒரு மடி வல்லாரை பறித்து வந்தாள். இலைகளில் ஈரம் மின்னியது. பனியா மருந்தா என்று ஈரத்தைப் பார்த்து யாரால் சொல்ல முடியும்? எனக்குக் கடைவாய்ப் பல்வலி, பச்சையாக மெல்ல முடியவில்லை. கிழவி ஆயிட்டே அக்கா, உன் பங்கையும் குடு என்று பிடுங்கித் தின்றாள். வாய் நிறைய வைத்துக்கொண்டு சிரிக்கிறது அவள் பழக்கம்.

சாயங்காலம் அவளால் சிரிக்க முடியவில்லை. நாக்கும் உதடும் வெந்து புண்ணாகிக் கிடந்தன. குடித்த தண்ணீரையும் வாந்தியெடுத்தாள். கீழே ஊர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கூடத் தின்ற இன்னும் இருவருக்கு வாய்ப்புண்ணோடு போயிற்று. என் பங்கையும் சேர்த்துத் தின்ற இவளுக்குச் சிறுநீர் நின்றுவிட்டது. டாக்டரம்மா நல்ல மாதிரி. என்ன மருந்து என்று பெயர் தெரிந்தால் அதற்கேற்ற வைத்தியம் செய்யலாம், தெரியாமல் இருட்டில் துழாவிக்கொண்டிருக்கிறேன், சீக்கிரம் கேட்டு வா என்றார்.

மறுநாள் காலையில் மேனேஜர் ஆபீஸ் வாசலில் போய் நின்றேன். எங்கோஸும் அங்கே இருந்தார்.

"ஐயா, அஞ்சாம் சரிவுல அடிச்ச மருந்து பேரு மட்டும் சொல்லுங்க. டாக்டரம்மா கேக்குறாங்க."

"நம்ம தோட்டத்துல ஏதும்மா மருந்து? வாசல்ல போர்டு பாக்கல?"

"நேத்து பச்சையா நின்ன களையெல்லாம் இன்னிக்கு வெந்து கெடக்கு ஐயா."

"வெயில்." என் முகத்தைக்கூடப் பார்க்காமல் சொன்னார். "ஆடு மாதிரி கண்ட தழையையும் மேஞ்சா வயிறு என்னத்துக்கு ஆகும்? போய் வேலையப் பாரு. நாளைக்குக் கம்பெனி விருந்தாளிங்க வர்றாங்க, மூஞ்சிய இப்படி வச்சிக்கிட்டு நிக்காத."

வெளியே வந்ததும் எங்கோஸின் சட்டையைப் பிடித்துவிட்டேன். அவர் தடுக்கவில்லை. கேனில் ஒட்டியிருக்கும் காகிதத்தை உரித்துவிட்டுத்தான் தருகிறார்கள், எனக்கே பெயர் தெரியாது, தெரிந்தது மேனேஜர் ஒருத்தருக்குத்தான் என்றார். பொய் சொல்கிற முகமாக அது இல்லை. அந்த முகத்தில் காறித் துப்பத் தோன்றியதையும் மறைக்க மாட்டேன்.

அப்போதே முடிவு செய்துவிட்டேன். விருந்தாளிகளுக்குத் தோட்டத்திலேயே சாப்பாடு, நீளமாக வாழையிலை விரித்து, கொழுந்து வெட்டும் பெண்களோடு பெரிய மனிதர்களும் சம்மணமிட்டு உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்வார்கள் என்று எங்கோஸ் சொல்லியிருந்தார். பரிமாறப் போவது நாங்கள். மறுநாள் விடியலில் நான் ஐந்தாம் சரிவுக்குத் தனியாகப் போனேன். வெந்த களையை ஆட்கள் வாரி அள்ளிவிட்டிருந்தார்கள். மருந்து பட்டும் வாடாத வல்லாரை ஓரமாகக் கொஞ்சம் நின்றது. கையில் பிளாஸ்டிக் உறையை மாட்டிக்கொண்டு பறித்துப் பையில் போட்டேன். லிலிஸ் நாக்கு வெந்த மாதிரி ஹெர்மவான் நாக்கும் வேக வேண்டும். பெயர் தெரியாமல் டாக்டர்கள் அந்த ஆளைச் சுற்றியும் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டும். வேறொன்றும் எனக்குத் தோன்றவில்லை.

திரும்பி வரும்போது கர்சி அக்கா எதிரே வந்தாள். தோட்டம் கொடுத்த எங்கள் லயத்து வரிசை வீடுகளில் மூத்தவள். களை பிடுங்கும் வேலையிலிருந்து விரட்டப்பட்டுக் கத்தரி பிடிக்க வந்தவள். என் கையிலிருந்த பையை வாங்கிப் பார்த்தாள். கேட்க வேண்டியிருக்கவில்லை அவளுக்கு.

"இத எலையில வச்சா மொதல்ல யாரு கை நீளும்? விருந்தாளி கை. அவங்க உனக்கு என்னடி பண்ணாங்க?"

"அந்தாளுக்கு நானே எடுத்து வைப்பேன்."

"வையி. தின்னுட்டு நாக்கு வெந்து விழட்டும். அப்புறம் மருந்து பேர யாரு சொல்லுவா? உன் தங்கச்சிய எழுப்ப வந்தியா, அந்தாளப் படுக்க வைக்க வந்தியா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. ரெண்டுக்குந்தான் வந்தேன் என்றேன். சரி, மொதல்ல மொத வேலை என்று பையைப் பிடுங்கிக் குழி தோண்டிப் புதைத்தாள். பிறகு தன் வீட்டுப் பின்னால் தொட்டி ஓரத்தில் வளர்த்திருந்த வல்லாரையைப் பறித்து, என் கண்ணெதிரே அலசி அலசிக் கூடையில் வைத்தாள். கொழுந்து வெட்டிக்கொண்டே ஒருத்தி காதில் ஒருத்தி போட, கூடையில் இருப்பது வீட்டுத் தழைதான் என்பதும் அடுத்துச் செய்ய வேண்டியதும் மத்தியானத்துக்குள் எல்லாப் பெண்களுக்கும் தெரிந்துவிட்டது.

விருந்தாளிகள் ஒரு நெட்டை ஆளும் ஒரு பெண்ணும். அந்தப் பெண் எங்கள் நாட்டு மொழியை நன்றாகவே பேசினாள். ஹெர்மவான் நாவில் தேன் ஒழுகியது. இந்தத் தாய்மார்கள்தான் எங்கள் குடும்பம் என்றார். தாய்மார்கள் நாங்கள் சோறு வைத்தோம், கருவாடு வைத்தோம், மிளகாய் வைத்தோம். நான் வல்லாரையை அள்ளி இலை நடுவே குவித்தேன். இது என்ன தழை என்று அந்தப் பெண் ஆசையாகக் கேட்டாள்.

"வல்லாரைங்க. அஞ்சாம் சரிவுல காலையில பறிச்சது," என்றேன். "மருந்தே படாத தோட்டம்னு ஐயாவே சொன்னாரு. ஐயா, நீங்க மொதல்ல எடுங்க."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. இலையையும் என்னையும் பார்த்தார். அதற்குள் அந்தப் பெண் ஒரு கொத்தை எடுத்து மிளகாயில் தோய்த்துவிட்டாள். வாய்க்குப் பக்கத்தில் போன அவள் மணிக்கட்டை ஹெர்மவான் தாவிப் பிடித்தார்.

"வேணாம்! அது வேணாம்!"

அத்தனை பேரும் சாப்பிடுவதை நிறுத்தினோம். பச்சைத் தழை வெளியூர்க்காரர்களுக்கு ஒத்துக்கொள்ளாது, வயிற்றைக் கலக்கும் என்று அவர் ஏதோ உளறினார். கர்சி அக்கா அந்தக் குவியலிலிருந்து ஒரு கொத்தை எடுத்து மென்றாள். அடுத்தவள் எடுத்தாள். பல்வலியோடு நானும் எடுத்து, அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டே மென்று விழுங்கினேன். அந்தப் பெண் தன் மணிக்கட்டைத் தடவியபடி எங்களையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவர் அவசரமாக எழுந்து, பச்சை இலை வந்து இறங்கி வாட்டப்படுவதைக் காட்டுகிறேன் என்று இருவரையும் தொழிற்சாலைக்கு அழைத்துப் போனார்.

ஆனால் இலை போகவில்லை. சாக்குகளைச் சாலை ஓரத்தில் அடுக்கி, அதன்மேல் ஏறி உட்கார்ந்தோம். மருந்து பெயர் தெரியாமல் ஒரு கொழுந்தும் லாரி ஏறாது என்று கர்சி அக்கா டிரைவர் சர்மானிடம் சொன்னாள். அவர் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி வந்து, கொஞ்சம் தள்ளி உக்காரும்மா என்று ஒரு சாக்கில் இடம் பிடித்துக்கொண்டார்.

வெட்டிய இலையைச் சாக்கில் அடைத்து வைத்தால் அதற்குள்ளேயே சூடேறும். நேரம் போகப் போகச் சிவந்து போகும். சிவந்தால் குப்பைக்குத்தான். எங்களுக்குத் தெரிந்தது ஹெர்மவானுக்கும் தெரியும். எங்கோஸைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் பறந்து வந்தார்.

"என்ன தலையில மொளகா அரைக்கிறீங்களா? அவங்க அங்க காத்துக்கிட்டிருக்காங்க! ஏத்துங்க! ஏத்தாதவ நாளைக்கு லயத்தக் காலி பண்ணணும்!"

"எல்லாரையுமா ஐயா?" என்றாள் கர்சி அக்கா. "அப்ப நாளைக்கு யாரு வெட்டுவா?"

ஒருத்தி கூட எழவில்லை. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு அங்குமிங்கும் நடந்தார். சாக்கைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னை மட்டும் லாரிக்குப் பின்னால் கூப்பிட்டார்.

"பேரு சொல்றேன். ஆஸ்பத்திரியில மட்டும் சொல்லு. வேற ஒரு காதுக்குப் போச்சு, நான் சொல்லவே இல்லம்பேன். உன் தங்கச்சி பொழைக்கணும்ல? இவளுங்கள எந்திரிக்கச் சொல்லி எலைய ஏத்த வையி. சம்மதமா?"

சம்மதம் ஐயா என்றேன். தலையைக் குனிந்து, கையைக் கட்டிக்கொண்டு, அவருக்குப் பிடித்த மாதிரியே சொன்னேன். என் காதருகே குனிந்து பெயரைச் சொன்னார். தப்பாகக் கேட்டுவிடக் கூடாதென்று இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். சொன்னார்.

லாரியைச் சுற்றி வந்தேன். சாக்குக் குவியலில் உச்சிக்கு ஏறினேன். தொண்டை கிழியக் கத்தினேன்.

"தெபாக்ரோன்! அஞ்சாம் சரிவுல அடிச்சது தெபாக்ரோன்! ஐயாவே சொன்னாரு!"

கீழே இருந்தவர்கள் அதை வாங்கிக் கத்தினார்கள். மேல்சரிவில் நின்றவர்களுக்குக் கேட்டு, அவர்களும் கத்தினார்கள். தொழிற்சாலை முற்றத்தில் பெட்டி சுமந்துகொண்டிருந்த ஆண்கள்வரை அது போய்ச் சேர்ந்தது. அங்கேதான் அந்த விருந்தாளிப் பெண்ணும் நின்றிருந்தாள். சர்மான் அதற்குள் தன் போனில் ஆஸ்பத்திரிக்கு எழுத்து எழுத்தாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மலை முழுக்க அந்தப் பெயர் கேட்டது. இனி எந்த அப்பனாலும் அதைத் திரும்ப விழுங்க முடியாது.

"சம்மதம்னியேடி!" ஹெர்மவானின் குரல் கீச்சிட்டது.

"உங்ககிட்ட கத்துக்கிட்டதுதான் ஐயா," என்றேன். என் வாழ்க்கையில் எந்தப் பொய்யும் எனக்கு இவ்வளவு இனித்ததில்லை.

பெயரைத்தான் வாங்கிவிட்டீர்களே, இப்போதாவது ஏற்றுங்கள் என்றார். லிலிஸ் பிழைப்பாளா என்று எனக்குத் தெரியவில்லை. நாளைக்குக் கூரை இருக்குமா என்றும் தெரியவில்லை. கர்சி அக்கா தன் சாக்கைவிட்டு நகராமலே, இனி கேட்க வேண்டியவற்றைச் சொன்னாள். லிலிஸின் வைத்தியச் செலவு தோட்டத்துடையது. மருந்து வேண்டாம், களை பிடுங்கப் பெண்கள் திரும்ப வர வேண்டும். ஒப்பந்த ஆட்கள் இதுவரை எங்கெங்கே அடித்தார்கள் என்று இப்போதே தெரிய வேண்டும்.

அதெல்லாம் யாருக்கும் தெரியாது என்று ஹெர்மவான் ஆரம்பித்தார். அதுவரை மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் நின்றிருந்த எங்கோஸ் தொப்பியைக் கழற்றினார்.

"எனக்குத் தெரியும். எல்லாச் சரிவையும் நானே காட்டுறேன்." எங்கள் பக்கம் நடந்து வந்தார். என் எதிரே நின்று, உக்காரலாமாம்மா என்று கேட்டார்.

அவர் மேல் எனக்குக் கோபம் தீர்ந்துவிட்டதாகச் சொன்னால் அது பொய். ஆனாலும் நகர்ந்து இடம் கொடுத்தேன்.

சாலையில் ஹெர்மவான் மட்டும் தனியாக நின்றார். ஒரு சாக்கின் வாயை விலக்கி உள்ளே கையை விட்டார். விட்ட வேகத்தில் வெளியே எடுத்து, கால்சட்டையில் தேய்த்துக்கொண்டார். எங்களுக்குக் கீழேயும் சூடு ஏறிக்கொண்டுதான் இருந்தது. இன்னும் ஏறட்டும் என்று உட்கார்ந்திருந்தோம்.