நாலாவது படி

மூக்குக்கண்ணாடியை அப்பாவின் காதில் மாட்டி, தலையணையை இன்னும் கொஞ்சம் உயர்த்தி, பத்திரத்தை அவர் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள் மகள். வீட்டுக்காரர் பேனா மூடியைக் கழற்றித் தயாராக நின்றார். கட்டில் தலைமாட்டில் ஆக்சிஜன் இயந்திரம் ஓயாமல் முனகிக்கொண்டிருந்தது. இரண்டு நாள் தாண்டினால் பெரிது என்று டாக்டர் முந்தின நாள் செருப்பை மாட்டிக்கொண்டே சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

வீட்டுக்காரர் மோசமானவர் இல்லை. பன்னிரண்டு வயதில் இதே மாடிப்படியில் தாவி இறங்கிய காலத்திலிருந்து அப்பாவை மாமா என்றுதான் கூப்பிடுகிறார். மாமாவிடம் ஊர் வாடகை கேட்கக்கூடாது என்று சாகும்போது அவர் அம்மா வாங்கிய வாக்கை ஒன்பது வருடமாகக் காப்பாற்றியும் வந்தார். அதற்குள் ஊர் எங்கேயோ போய்விட்டது. இரண்டு கல்லூரிகளும் ஒரு பெரிய மருத்துவமனையும் வந்தன. பக்கத்து வீட்டு மாடி, இதைவிட ஒரு அறை குறைவு, இதைப்போல இரண்டு மடங்குக்குப் போனது. அந்தத் தொகை வீட்டுக்காரரின் மனைவிக்குப் பிள்ளையின் பிறந்த தேதி மாதிரி மனப்பாடம். வாக்கு மாமாவோடு சரி, மகள் வரைக்கும் நீளாது என்பது கீழ் வீட்டில் முடிவான விஷயம். புரோக்கருக்கும் சொல்லியாகிவிட்டது.

மனைவி வெளியே போயிருந்த நேரம் பார்த்துத்தான் இன்று மேலே ஏறி வந்திருந்தார். பழைய பத்திரம் இந்த மாதத்தோடு முடிகிறது. புதிதாக மூன்று வருடத்துக்கு எழுதிக்கொண்டு வந்திருந்தார். வாடகை ஆயிரம் கூடுதல், அவ்வளவுதான்.

"மாமா பேர்ல போட்டு, கூடவே உன் பேரையும் சேர்த்திருக்கேம்மா. அவர் கையெழுத்து விழுந்துட்டா போதும். அப்புறம் எங்க வீட்ல யாரும் வாயைத் திறக்க முடியாது."

மகள் பத்திரத்தை அப்பாவின் கண்ணுக்கு இன்னும் கிட்டே நீட்டினாள். அவள் வேலை செய்யும் கண்ணாடிக் கடை இங்கிருந்து நடக்கிற தூரம். இந்த வீடு போனால், தம்பி போன இடத்துக்குத்தான் அவளும் போக வேண்டும். தம்பி இருப்பது பஸ் திரும்புகிற இடத்துக்கும் அப்பால். அங்கே வாடகை மலிவு என்று அவன் பெருமையடித்தபோது, மீதியை பஸ்காரன் வசூல் பண்ணிக்கொள்கிறான் என்றார் அப்பா.

அப்பா எழுத்து எழுத்தாகப் படித்தார். விரல் வாடகைத் தொகையில் வந்து நின்றது.

"ஐந்நூறு குறைச்சுக்க."

"மாமா, பக்கத்து வீடு டபுளுக்குப் போகுது."

"பக்கத்து வீட்ல குழாயைத் திறந்தா தண்ணி வரும்."

வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். சிரித்தபடியே, அதற்கு மேல் குறைத்தால் தன்னையே வீட்டுக்குள் விடமாட்டார்கள் என்றார். அப்பா பேனாவை வாங்கவில்லை. யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

மகளுக்கு இது புரிந்தது. முப்பத்தொரு வருடம் திரைச்சீலைக் கடைக்குக் கொள்முதல் செய்த ஆள். மொத்த வியாபாரக் கடைகள் எல்லாம் மாடியில் இருந்தன. கேட்ட விலை படியாவிட்டால் அப்பா கோபப்பட மாட்டார், கெஞ்சவும் மாட்டார். எழுந்து, யோசித்துச் சொல்கிறேன் என்று படியிறங்குவார். நாலாவது படிக்குள் மேலேயிருந்து குரல் வந்துவிடும். கடைத்தெருவில் அவருக்கு நாலுபடிக்காரர் என்றே பெயர். இந்த வீடும் அப்படி வந்ததுதான். அவளுக்கு அப்போது பத்து வயது. கையைப் பிடித்து இறங்கும்போது அப்பா காதோடு சொன்னார், திரும்பிப் பார்க்காதே, பார்த்தால் விலை ஏறிவிடும் என்று. மூன்றாவது படியில் வீட்டுக்காரரின் அம்மா கூப்பிட்டாள்.

இப்போது எழுந்து நடக்க முடியாது. அதனால் கண்ணை மூடிக்கொண்டு போகிறார்.

வீட்டுக்காரரும் ஆளை அறிந்தவர்தான். பத்திரத்தை ஸ்டூலில் மாத்திரைக் குப்பியின் கீழ் வைத்துவிட்டு, சாயங்காலம் வருவதாகச் சொல்லிப் போனார்.

"போதும்பா, கண்ணைத் திற. அவர் கீழ போயாச்சு."

அப்பாவின் உதட்டோரம் லேசாக அசைந்தது. "வருவான். கொஞ்சம் பொறு."

அவள் சமையலறைக்குப் போய்ப் பாலை அடுப்பில் வைத்தாள். அங்கிருந்தபடியே பேசினாள். ஐந்நூறு ரூபாயில் என்ன கோட்டை கட்டப்போகிறீர்கள், அதை நான் போட்டுக்கொள்கிறேன், ஒரு கையெழுத்துதானே என்றாள். நாளைக்கு புரோக்கர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்து இந்த அடுப்படியில் நின்று மூக்கைச் சுளிக்கும்போது தெரியும் என்றாள். பதில் இல்லை. முதலில் வாயைத் திறப்பவர் தோற்றவர் என்பது அப்பாவின் கணக்கு. சின்ன வயதில் ஒரு சைக்கிளுக்காக மூன்று நாள் இப்படி அவளோடு பேசாமல் இருந்து ஜெயித்தவர். சரி, நானும் உங்கள் மகள்தான் என்று அவளும் வாயை மூடிக்கொண்டாள். பாலை டம்ளரில் கொண்டுவந்து வைத்துவிட்டு, கட்டிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, காய்ந்த துணிகளை மடித்தாள். அப்பாவின் சட்டைகளைக் கொஞ்சம் கோபமாகவே மடித்தாள். இயந்திரம் முனகிக்கொண்டே இருந்தது.

கடைசித் துண்டையும் மடித்து வைத்துவிட்டுத் திரும்பினாள். டம்ளரில் பாலாடை படிந்திருந்தது. போர்வைக்கு வெளியே நீட்டியிருந்த பாதத்தை உள்ளே தள்ளிவிடப் போனவள், அதைப் பிடித்தபடியே நின்றாள்.

அரை மணி நேரம் இருக்கும் அவர்கள் பேசாமல் இருந்து.

இயந்திரத்தை நிறுத்த அவளுக்கு வெகுநேரம் ஆயிற்று. டாக்டருக்குச் சொன்னாள், தம்பிக்குச் சொன்னாள். டாக்டருக்கு முன்னால் தம்பி வந்தான், யாரோ ஒருவருடைய வண்டியில். அப்பாவின் நெஞ்சில் முகத்தை வைத்து அழுதான். அழுது எழுந்தபோது ஸ்டூலில் இருந்த காகிதம் கண்ணில் பட்டது. படித்தான். வாசலைப் பார்த்தான். குரல் இறங்கிவிட்டது.

"அக்கா, டாக்டர் இன்னும் வரல. அப்பாவோட பழைய ஸ்டாம்ப் பேடு மேசையிலதான் இருக்கு."

அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"நான் அங்க குடியிருந்து பாத்துட்டுச் சொல்றேன். நீ அவ்வளவு தூரம் வந்து போக முடியாதுக்கா. ஒரு விரல்தான். அவரே இருந்தா வேணாம்னா சொல்லுவாரு?"

அப்பாவின் வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். துணியைத் தேய்த்துத் தேய்த்துக் கட்டைவிரலில் ரேகையே வழுவழுத்துப் போயிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு தடவியே, இது இரண்டு சலவை தாங்கும், இது தாங்காது என்று சொல்லும் விரல். அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தம்பி பேடைத் திறக்கும் சத்தம் கேட்டது. அவள் ஈரத்துணியால் அந்த விரலைத் துடைத்தாள். பிறகு மற்ற நாலையும் துடைத்து, கையைப் போர்வைக்குள் வைத்தாள்.

"அந்த வெலைக்கு அப்பா ஒத்துக்கலையேடா" என்றாள்.

தம்பி பேடை மூடினான்.

சாயங்காலத்துக்குக் காத்திராமல் வீட்டுக்காரர் மேலே வந்தார். கையில் வேறொரு பத்திரம். வாசலில் கால் வைத்ததுமே நின்றுவிட்டார். இயந்திரத்தின் சத்தம் இல்லாத அந்த அறையை அவரும் இப்போதுதான் கேட்கிறார். கட்டிலைப் பார்த்து, அவரிடமே சொல்வதுபோலச் சொன்னார்:

"ஐந்நூறு குறைச்சு எழுதிட்டு வந்தேன், மாமா."

காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நாற்காலிகளுக்கும் வண்டிக்கும் தானே ஏற்பாடு செய்தார். வந்தவர்களுக்கெல்லாம் கீழே அவர் மனைவிதான் தேநீர் போட்டுக் கொடுத்தாள். அவளுடைய கண்ணும் உண்மையாகவே சிவந்திருந்தது. போகும்போது வீட்டுக்காரர், மகளின் முகத்தைப் பார்க்காமல், புரோக்கரை ஒரு வாரம் கழித்து வரச்சொல்வதாகச் சொன்னார். மகள் தலையாட்டினாள். அவரால் ஆனது அவ்வளவுதான் என்று அவளுக்கும் தெரியும்.

மறுநாள் காலை எடுத்தார்கள். மாடிப்படி குறுகல். ஸ்டிரெச்சரின் முன்பக்கத்தை வீட்டுக்காரரும் தம்பியும் பிடித்துக்கொண்டார்கள். பின்பக்கம் திரைச்சீலைக் கடையின் இரண்டு விற்பனையாளர்கள். பின்னால் வருபவர்களில் ஒருவன் உயரமாகையால் தலைமாட்டைத் தாழ்த்திப் பிடிக்கும்படி யாரோ சொன்னார்கள். மகளை மேலேயே நிற்கச் சொன்னார்கள், படியில் இடம் போதாது.

அவள் கதவின் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதல் படி. இரண்டாவது. மூன்றாவதில் கைப்பிடிச் சுவரில் முட்டிக்கொண்டு, பிடியை மாற்றிக்கொள்வதற்காக நின்றார்கள். வீட்டுக்காரர் நிமிர்ந்து மேலே பார்த்தார். மற்றவர்களும் அவர் பார்ப்பதைப் பார்த்து மேலே பார்த்தார்கள்.

மாடி வாசலில் அவளைத் தவிர யாரும் இல்லை. அவள் வாய் திறந்தது.

"பாத்து, மெதுவா" என்றான் தம்பி.

நாலாவது படியில் இறங்கினார்கள்.