கூட்டுக் கடன்

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பதுதான் அவளுக்குத் தொழில். பயிற்சிப் பள்ளியில் எல்லோருக்கும் அவள் டீச்சர். ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதவர்கள், பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலேட்டரை மிதித்தவர்கள், மாமியாருக்குத் தெரியாமல் கற்றுக்கொள்ள வந்த மருமகள்கள் என்று எத்தனையோ பேரைப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பார்த்துவிட்டாள். யாரிடமும் அவள் குரல் உயர்ந்ததில்லை, எதையும் சொல்லத் தயங்கியதும் இல்லை. அப்படிப்பட்டவளுக்குத் தன் புருஷனிடம் ஒரே ஒரு விஷயத்தைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை. பிரிந்துவிடலாம் என்பதுதான் அந்த விஷயம்.

அவன் கெட்டவன் இல்லை. அதுதான் சிக்கலே. குடிப்பவனாக, கை நீட்டுபவனாக இருந்திருந்தால் அக்காவிடமாவது போய் அழுதிருக்கலாம். அவன் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தான். வருகிறவர்களின் முகத்துக்கு ஏற்ற ஃபிரேமை எடுத்து மாட்டி, கண்ணாடியைத் திருப்பிக் காட்டி, நாலு வார்த்தை வேடிக்கையாகப் பேசி அனுப்புவான். அவன் பேச்சுக்காகவே அந்தக் கடைக்கு வருகிறவர்கள் உண்டு. சாயந்திரம் ஷட்டரை இறக்கும்போது அவன் வாயையும் சேர்த்து உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வருகிறானோ என்று அவளுக்குத் தோன்றும். வீட்டுக்கு வந்தால் சாப்பாடு, மகளின் வீட்டுப்பாடம், போன், தூக்கம். கேட்டால் பதில் வரும், கேள்வி வராது. அவளும் கொஞ்ச நாள் இழுத்துப் பிடித்துப் பேசிப் பார்த்தாள். அப்புறம் அலுத்துப்போய் விட்டுவிட்டாள்.

இருவருக்கும் பொதுவாக அப்போது ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். வாடகை வீட்டின் சொந்தக்காரர். மேல் மாடியில் இருந்துகொண்டு, தண்ணீர் மோட்டாரைத் தன் இஷ்டத்துக்கு நிறுத்துவார். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, குழந்தை ஓடக் கூடாது, விருந்தாளி தங்கக் கூடாது. அவரைத் திட்டும்போது மட்டும் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே குரலாகிவிடுவார்கள். ஒருநாள் அவர் வந்து, தன் பையனுக்கு வீடு வேண்டும், ஒரு வருஷத்துக்குள் காலி பண்ணுங்கள் என்றார். இனிமேல் வாடகைக்கே போவதில்லை, கடன் வாங்கியாவது சொந்தமாக ஒன்றை வாங்கிவிடுவது என்று அன்றைக்கே அவன் முடிவு கட்டினான். அவளுக்கும் அது சரி என்றே பட்டது. அந்த மனுஷர் மேல் இருந்த கோபத்தில் எதைச் சொன்னாலும் சரி என்றுதான் பட்டிருக்கும்.

வீடு தேட ஆரம்பித்தார்கள். கிடைத்த ஓய்வு நாளெல்லாம் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு அலைந்தார்கள். அவன் ஆளே மாறிப்போனான். கதவைத் தட்டிப் பார்ப்பான், குழாயைத் திறந்து பார்ப்பான், குளியலறைக்குள் நின்று பாட்டுப் பாடி எதிரொலி எப்படி என்பான். திரும்பி வரும் வழியில் புரோக்கரைப் போலவே பேசிக் காட்டுவான். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். பின் சீட்டில் மகள் தன் அறைக்கு என்ன நிறம் என்று ஓயாமல் சொல்லிக்கொண்டு வருவாள். இந்த மனுஷனையா விட்டுப் போக நினைத்தோம் என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. சொல்ல நினைத்த வார்த்தையை அவள் அந்த வருஷம் தள்ளிப்போட்டதற்குக் காரணம் அதுதான்.

ஆனால் உள்ளுக்குள் ஏதோ ஒன்று அவளை நிம்மதியாக இருக்க விடவில்லை. வங்கி இருவரின் சம்பளத்தையும் சேர்த்துத்தான் கடனுக்குச் சம்மதித்திருந்தது. அக்கா தன் சேமிப்பில் பாதியை எடுத்து முன்பணத்துக்குக் கொடுத்திருந்தாள். கையெழுத்துப் போடுவதற்கு முந்தின நாள் சாயந்திரம், அவன் மறுநாளைக்கான சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். அவள் அறை வாசலில் போய் நின்றாள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

அவன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சிரித்தான். "பயமா இருக்கா? எனக்கும்தான் இருக்கு. ரெண்டு பேரா இருக்கோம்ல, பாத்துக்கலாம்."

நாக்கு நுனி வரை வந்தது அப்படியே உள்ளே போய்விட்டது. மறுநாள் வங்கியில் ஓர் இளவயது அதிகாரி, இங்கே, இங்கே, அப்புறம் இங்கே என்று விரல் வைத்துக் காட்டினாள். காட்டிய இடத்திலெல்லாம் இருவரும் மாறி மாறிக் கையெழுத்துப் போட்டார்கள். மகள் முப்பதைத் தாண்டும்போதுதான் அந்தக் கடன் முடியும். அதைக் கேட்டுவிட்டு அவன் அதிகாரியிடம் ஏதோ ஜோக் அடித்தான். அவள் பேனாவை மூடி மேஜையில் வைத்தாள்.

பொய் சொல்லக் கூடாது, அந்த வீடு அவளுக்குப் பிடித்திருந்தது. மூன்றாவது மாடி. இரண்டு படுக்கையறை. சமையலறை ஜன்னலைத் திறந்தால் ஒரு பள்ளிக்கூட மைதானம். குடிபோன அன்றைக்கு அவன் எதுவும் மாட்டுவதற்கு இல்லாமலேயே ஹாலில் ஓர் ஆணி அடித்தான். யாரும் வந்து கேட்கவில்லை. மூவரும் அந்த வெறும் ஆணியைப் பார்த்துச் சிரித்தார்கள். மகள் அறையிலிருந்து அறைக்கு ஓடி ஓடிக் களைத்து, மெத்தை கூடப் பிரிக்காமல் தன் அறையில் தரையிலேயே தூங்கிப்போனாள். அவள் சமையலறை மேடையைத் தடவிப் பார்த்தாள். இது என்னுடையது என்று நினைத்து மறுபடியும் ஒருமுறை தடவினாள். சந்தோஷம்தானா அது என்று அவளுக்கே பிடிபடவில்லை.

திரைச்சீலை வாங்கி, அலமாரி செய்து, விளக்கு மாட்டி முடிக்கும் வரை வீட்டில் பேச்சு இருந்தது. அதெல்லாம் முடிந்ததும் பேச்சும் முடிந்தது. தேடுவதற்கு இனி ஒன்றும் இல்லை, திட்டுவதற்கும் ஆள் இல்லை. சாப்பாடு, வீட்டுப்பாடம், போன், தூக்கம். பழைய வீட்டிலாவது இருக்கிற இடம் குறுகல், அதனால் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டாவது போக வேண்டியிருந்தது. இங்கே அதற்கும் வழியில்லை. வீடு தேடிய அந்த ஒரு வருஷம்தான் தாங்கள் இருவரும் சேர்ந்து வாழ்ந்த காலம் என்பது, ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது அவளுக்குத் திடீரென்று விளங்கியது. குழாயை நிறுத்தினாள்.

ஒரு மத்தியானம், இரண்டு வகுப்புகளுக்கு நடுவே, அவள் வங்கிக்குப் போனாள். அதே இளவயது அதிகாரி. எடுத்த எடுப்பில் கேட்க முடியாமல் வட்டியைப் பற்றி, இன்ஷூரன்ஸைப் பற்றி ஏதேதோ கேட்டுவிட்டு, கடைசியில் தெரிந்தவர்களுக்காகக் கேட்பதுபோல, இரண்டு பேர் சேர்ந்து வாங்கிய கடனிலிருந்து ஒருவர் மட்டும் விலகிக்கொள்ள முடியுமா என்று கேட்டாள். மற்றவருடைய சம்பளம் தனியாகவே கடனைத் தாங்க வேண்டும், இல்லையென்றால் வீட்டை விற்று அடைக்க வேண்டும் என்றாள் அதிகாரி. கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, யோசிக்காமல், இன்னொன்றும் சொன்னாள்.

"போன மாசம் சார் வந்தப்பவே இதை விளக்கமா சொல்லியிருந்தேனே மேடம். உங்ககிட்ட சொல்லலையா?"

சொன்ன பிறகுதான் அந்தப் பெண்ணுக்கு உறைத்தது. கையை மேஜையிலிருந்து எடுத்துக்கொண்டு, மன்னிக்கணும் மேடம் என்றாள். பரவாயில்லை, சொன்னார், நான்தான் மறந்துவிட்டேன் என்று அவள் எழுந்து வந்தாள்.

நியாயமாகப் பார்த்தால் அவளுக்குப் பாரம் இறங்கியிருக்க வேண்டும். சொல்ல முடியாமல் தவித்ததை இனிச் சொல்லவே வேண்டாம், அவனே அந்த வாசல் வரை போய்விட்டு வந்திருக்கிறான். ஆனால் வாகன நெரிசலுக்கு நடுவே நடந்து வரும்போது அவளுக்கு அழுகைதான் பொங்கியது. தான் விட்டுப்போக நினைத்தபோதெல்லாம் கைவிடப்படுகிறவனாக அவனைத்தான் நினைத்திருந்தாள். அவனுக்கும் தான் வேண்டாதவளாகியிருக்கலாம் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. அன்று சாயந்திர வகுப்பில் மாணவி சிவப்பு விளக்கைத் தாண்டிப் போனாள். குறுக்கே வந்த வண்டிக்காரர்கள் கத்திய பிறகுதான் டீச்சருக்கே தெரிந்தது.

அடுத்த ஓய்வு நாளில் மகள் கீழ் வீட்டுத் தோழியிடம் விளையாடப் போயிருந்தாள். அவன் பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தான். அவள் கிளிப் டப்பாவை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் நின்றாள்.

"பேங்க்குக்குப் போயிருந்தேன்," என்றாள். "நீங்களும் போயிருந்தீங்களாமே."

அவன் கையிலிருந்த துண்டை உதறினான். மறுபடியும் உதறினான். மறுக்கப்போகிறான் என்று நினைத்தாள். அவன் மறுக்கவில்லை.

"வீடு வந்தா எல்லாம் சரியாயிடும்னு நெனச்சேன்," என்றான். "தேடுறப்ப நல்லாத்தான இருந்துச்சு? நீ எவ்வளவு சிரிச்ச. இங்க வந்து ஒக்காந்ததும் திரும்ப அதேதான். எனக்கு என்ன பேசறதுன்னே தெரியல. கடைய விட்டுக் கெளம்புறப்பவே நெஞ்சு அடைக்குது."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"நீ சொன்னியா?"

கையெழுத்துப் போடுவதற்கு முன்னாலேயே தான் பிரிய நினைத்திருந்ததை இப்போது சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். சொன்னால் அவன் நொறுங்கிப்போவான். அக்காவின் பணம், மகளின் அறை, அவன் இஸ்திரி போட்ட சட்டை எல்லாமே அன்றைக்குத் தான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நின்றுபோயிருக்கும். மென்று விழுங்கிவிட்டு, மிச்சத் துணியைக் காயப்போட்டாள்.

அன்றைக்குத்தான் பல வருஷங்களுக்குப் பிறகு இருவரும் மனசுவிட்டுப் பேசினார்கள். பிரிவது எப்படி என்று பேசினார்கள். யார் மேலும் கோபம் இல்லை. வீட்டை விற்றுவிடலாம் என்று முடிவாயிற்று. மறுவாரமே ஒரு புரோக்கரை வரவழைத்தார்கள். அவர் சமையலறை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, அந்தப் பள்ளிக்கூட மைதானத்தில் பெரிய கட்டடம் வரப்போகிறது, வெளிச்சம் போய்விடும், இப்போது விற்றால் வாங்கிய விலைகூட வராது என்றார். வங்கிக்குப் பாக்கி நிற்கும். அக்காவுக்குத் திருப்பித் தர ஒன்றும் மிஞ்சாது. ஒரு பத்து வருஷம் பொறுங்கள் சார், அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடித்துவிட்டுப் போனார். அவர் போன பிறகு அவரைப்போலப் பேசிக் காட்ட யாருக்கும் மனசு வரவில்லை.

அவன் ஹாலுக்கு மாறினான். அப்பாவுக்கு முதுகு வலி, சோபாதான் சௌகரியம் என்று மகளிடம் சொன்னார்கள். அவள் நம்பினாள். நம்பாவிட்டாலும் அதைக் காட்டிக்கொள்ளாத வயசுக்கு வந்துகொண்டிருந்தாள். மாசம் பிறந்தால் இருவர் சம்பளமும் ஒரே கணக்கில் போய் விழும், அங்கிருந்து வங்கிக்குப் போகும். மற்றபடி ஒரே வீட்டில் இரண்டு வாடகைக்காரர்கள் போல மரியாதையாக இருந்தார்கள். குளியலறைக்குள் யார் முதலில் என்று ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்தார்கள். அந்த மரியாதைதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

வீடு பார்க்க வருகிறேன் என்று பலமுறை சொல்லித் தள்ளிப்போட்ட அக்கா ஒருநாள் குடும்பத்தோடு வந்தாள். அவனுடைய சித்தப்பாவும் சித்தியும் கூட வந்தார்கள். பக்கத்து வீட்டிலிருந்து நாற்காலிகள் வாங்கிப் போட்டான். எல்லோரையும் அறை அறையாகக் கூட்டிப்போய்க் காட்டினான். இது பாப்பாவோட ரூம், இது எங்க ரூம் என்றான். குரல் பிசிறவில்லை. கடையில் ஃபிரேம் காட்டுகிற அதே குரல். சித்தி சமையலறையில் நின்று பெருமூச்சு விட்டுக்கொண்டு, கொடுத்து வைத்தவள் நீ என்று அவள் கன்னத்தைத் தொட்டாள். அவள் சிரித்தாள்.

அக்கா மட்டும் படுக்கையறையில் கொஞ்சம் பின்தங்கினாள். இரட்டைக் கட்டிலில் ஒரே ஒரு தலையணை கிடந்தது. இன்னொன்றை எடுத்துப் போட்டு வைக்க அவள் மறந்துவிட்டிருந்தாள். அக்கா தலையணையைப் பார்த்தாள், கூப்பிட வந்த தங்கையைப் பார்த்தாள்.

"எத்தனை நாளா இப்படி?"

"அவருக்கு முதுகு வலி அக்கா."

அக்கா கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். "எனக்குப் பணம் திரும்பி வராட்டிப் போகுது," என்றாள். "அதுக்காகவாடி இதைத் தாங்கிட்டிருக்க?"

ஹாலில் அவன் ஏதோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். மகளின் சிரிப்பு தனியாகக் கேட்டது.

"அதுக்கு மட்டும் இல்லக்கா," என்றாள் அவள். அக்கா எழுந்து படுக்கை விரிப்பைச் சரிசெய்துவிட்டு, தலையணையைக் கட்டிலின் நடுவே தள்ளி வைத்துவிட்டு வெளியே போனாள்.

விருந்தாளிகள் கிளம்பியபோது அவளுக்கு ஒரு வகுப்பு இருந்தது. புதிதாகச் சேர்ந்த ஒரு கிழவர், பேரன் வீட்டுக்குத் தானே ஓட்டிப் போக வேண்டுமாம். கீழே இறங்கி வந்து பயிற்சிக் காரில் உட்கார்ந்தாள். மேலே அவன் பால்கனிக்கு வந்து, மடக்கிய நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாகச் சாய்த்து வைத்துக்கொண்டிருந்தான். தற்செயலாகக் குனிந்தவன் அவளைப் பார்த்துவிட்டான். என்ன செய்வது என்று தெரியாமல் கையைத் தூக்கிக் காட்டினான். அவளும் தூக்கினாள். அவன் உள்ளே போகட்டும் என்று அவள் காத்திருந்தாள். அவள் கிளம்பட்டும் என்று அவனும் நின்றுகொண்டிருந்தான்.